நல்ல கொழுப்பும் ஒரு ரயில்வேக்காரரும்

என் மனைவியின் தம்பிக்கு அறுபத்திரண்டு வயது. மூன்று வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். போன ஆனி மாதம் ஒரு நாள் காலையில் கையில் செல்போனோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

"அத்தான், இதப் பாருங்க. இத்தாலியில ஒரு ஊராம். அங்க உள்ளவங்களுக்கு நல்ல கொழுப்பு ஏழு, எட்டுதான் இருக்காம். ஒருத்தனுக்கும் ஹார்ட் அட்டாக்கே வந்தது கெடையாதாம். எனக்கு இருபத்தெட்டு இருக்கு. நான் எதுக்கு இந்த மாத்திரையெல்லாம் முழுங்கணும்?"

யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பத்து நாளாக மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குப் பகீரென்றது. எங்கள் அப்பா 53 வயதில் போனவர். வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தார். அம்மா சுக்குக் கஷாயம் போட்டு எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வருடம் 1979.

மைத்துனரிடம் அந்த நேரத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. செய்தி பொய் என்று தள்ளலாம் என்றால், அதில் சொல்லியிருந்த ஊர் உண்மையாகவே இருக்கிறது. ஏழு என்ற எண்ணும் உண்மைதான். துறைமுகத்தில் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு வவுச்சரைப் பார்த்தால் அதற்குப் பின்னால் உள்ள வவுச்சரைத் தேடாமல் தூக்கம் வராது. மகன் சில ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக் கொடுத்தான். ஒரு மாதம் அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன். மருத்துவ விஷயத்தில் நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சரித்திரமாகப் படியுங்கள்.

அந்த ஊரின் பெயர் லிமோனே. வட இத்தாலியில் கார்டா என்று ஒரு பெரிய ஏரி. அதன் மேற்குக் கரையில் செங்குத்தான மலைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். ஆயிரம் பேர் அளவில்தான் ஜனத்தொகை. அந்தக் காலத்தில் மீன்பிடிப்பும் ஆலிவ் மரங்களும் எலுமிச்சைத் தோட்டங்களும்தான் பிழைப்பாக இருந்தன. அவ்வளவு வடக்கே, பனி விழுகிற பிரதேசத்தில் எலுமிச்சை வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மலைச்சரிவில் படிப்படியாக மேடை கட்டி, உயரமான கல்தூண்களை வரிசையாக நிறுத்தி, குளிர்காலம் வந்தால் பலகையும் கண்ணாடியும் வைத்து மூடி, மரங்களைக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். ஜெர்மன் கவிஞர் கதே 1786 செப்டம்பரில் இத்தாலிப் பயணம் போகும்போது படகில் இந்த ஊரைக் கடந்து போனார். அந்தத் தோட்டங்களைப் பார்த்துத் தன் பயணக் குறிப்பில் எழுதியும் வைத்தார். ஊருக்கு லிமோனே என்ற பெயர் எலுமிச்சையால் வந்ததா, எல்லை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் வந்ததா என்று அங்கேயும் ஒரு வழக்கு உண்டாம். நம் ஊர்ப் பெயரை வேம்பார் என்று எழுதுவதா, வேம்பாறு என்று எழுதுவதா என்ற வழக்கு இன்னும் தீராத மாதிரி.

கவனிக்க வேண்டியது அந்த ஊரின் தனிமை. 1931 வரை அதற்குச் சாலையே கிடையாது. மலையைக் குடைந்து ஏரிக்கரை ஓரமாகச் சாலை போட்ட பிறகுதான் வண்டி வந்தது. அதற்கு முன் போவதென்றால் படகு, இல்லாவிட்டால் மலைப்பாதை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே. இதைச் சொன்னால் நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அத்தை மகள், மாமன் மகள் என்று சுற்றிச் சுற்றி, கடைசியில் தெருவில் எதிர்ப்படுகிறவர் எல்லோரும் இரண்டு வழியில் சொந்தக்காரராக இருப்பார்கள்.

இந்த ஊரில் பிறந்த ஒருவர் ரயில்வேயில் வேலை கிடைத்து மிலான் நகரத்துக்குப் போனார். 1970களின் நடுவில் மிலானில் அவருடைய இரத்தத்தைப் பரிசோதித்த மருத்துவர்களுக்கு முடிவைப் பார்த்ததும் ஆச்சரியம். டிரைகிளிசரைடு ஏகமாக ஏறியிருந்தது. நல்ல கொழுப்பு என்று நாம் சொல்கிற எச்.டி.எல். மிகமிகக் குறைவு. ஆணுக்கு 40க்கு மேல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அப்பா, மகன், மகள் என்று மூன்று பேருக்கு அந்தக் குடும்பத்தில் 7 முதல் 14 வரைதான் இருந்தது. பாடப்புத்தகப்படி பார்த்தால் அப்பாவின் இரத்தக் குழாய்கள் எப்போதோ அடைத்துப் போயிருக்க வேண்டும். பார்த்தால் அவருக்கு அடைப்பின் அறிகுறியே இல்லை. குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இதய நோய் சொல்லும்படியாக இல்லை.

நானாக இருந்தால் பரிசோதனையில் தப்பு என்று சொல்லி இன்னொரு லேபுக்கு அனுப்பியிருப்பேன். மிலான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேசரே சிர்தோரி, குயிதோ பிராஞ்செஸ்கினி இருவரும் விடவில்லை. அமெரிக்காவில் கொழுப்புப் புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் மாலி, கார்ல் வைஸ்கிராபர் ஆகியோரோடு சேர்ந்தார்கள். 1980இல் இந்தக் குடும்பத்தைப் பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. காரணம் ஒரு புரதத்தில் இருக்கிறது என்று கண்டார்கள். அதற்கு அப்போ-ஏ1 மிலானோ என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர் லிமோனே, பேர் மிலானுக்கு. எங்கேயும் அப்படித்தானே, கருப்பட்டி காய்ச்சுகிறவன் ஒருவன், லேபிள் ஒட்டுகிறவன் ஒருவன்.

இந்தப் புரதம் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழுப்பு தண்ணீரில் கரையாது, இரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். அதனால் உடம்புக்குள் கொழுப்பைத் தோணியில் ஏற்றித்தான் கொண்டுபோக முடியும். ஈரலிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் இறக்குகிற தோணி எல்.டி.எல். அது அளவுக்கு மீறினால் சரக்கு இரத்தக் குழாயின் சுவரில் தேங்கி அடைப்பாகிறது. தேங்கியதை எடுத்துத் திரும்ப ஈரலுக்குக் கொண்டுவருகிற வேலையைச் செய்கிற தோணிக்குத்தான் எச்.டி.எல். என்று பெயர், அதனால்தான் அது 'நல்ல' கொழுப்பு. நம் தோணிக்கு வங்கு எப்படியோ, அப்படி எச்.டி.எல். தோணிக்குச் சட்டமாக இருந்து உருவம் கொடுப்பது இந்த அப்போ-ஏ1 புரதம்.

243 அமினோ அமிலங்களை மாலை மாதிரி கோத்து இந்தப் புரதம் ஆகியிருக்கிறது. 1983இல் மாலி, வைஸ்கிராபர் குழுவினரும் மிலான்காரர்களும் சேர்ந்து, மாலையில் எந்த மணி மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 173ஆவது இடம். அங்கே ஆர்ஜினின் இருக்க வேண்டும், இவர்களுக்கு சிஸ்டீன் இருந்தது. மற்ற 242 மணிகளும் நமக்கு இருப்பதுதான். மரபணுவில் பார்த்தால் இதற்கு ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், 'சி' இருந்த இடத்தில் 'டி'. கரை என்று எழுத வேண்டிய இடத்தில் கறை என்று எழுதிவிடுவதைப் போல.

ஆனால் அந்த ஒரு மணி செய்கிற வேலை சின்னதில்லை. சாதாரண அப்போ-ஏ1இல் சிஸ்டீன் என்பதே கிடையாது. சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது. அது ஒரு கொக்கி மாதிரி. பக்கத்தில் இன்னொரு சிஸ்டீன் கிடைத்தால் மாட்டிக்கொள்ளும். அதனால் இவர்கள் இரத்தத்தில் இந்தப் புரதங்கள் இரண்டிரண்டாகப் பிணைந்து கிடந்தன. சோடி சேர்ந்த புரதத்தால் பெரிய தோணி கட்ட முடியவில்லை, சின்னச் சின்னத் தோணிகள்தான். அதனால் இரத்தத்தில் அளந்தால் எச்.டி.எல். குறைவாகத் தெரிகிறது. அந்தச் சின்னத் தோணிகள் சுவரில் படிந்த கொழுப்பை இன்னும் சுறுசுறுப்பாக அள்ளிக்கொண்டு போகின்றனவோ என்பதுதான் மிலான்காரர்களின் ஊகம். துறைமுகத்தில் ஒரு நாளில் எத்தனை தோணி நிற்கிறது என்று எண்ணுவது ஒன்று, எத்தனை டன் சரக்கு போய்ச் சேர்ந்தது என்று எண்ணுவது வேறொன்று. மருத்துவர்கள் அதுவரை முதல் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

ரயில்வேக்காரருக்கு இது எங்கிருந்து வந்தது? அவர் ஊரைத் தேடிப் போனார்கள். லிமோனே ஜனங்களிடம் ஊரோடு இரத்தம் எடுத்தார்கள். 1985இல் வெளிவந்த கட்டுரைப்படி, உயிரோடு இருந்தவர்களில் 33 பேரிடம் இந்த மாற்றம் இருந்தது. சிறு பிள்ளைகளும் உண்டு, எண்பதைத் தாண்டியவரும் உண்டு. அப்பாவிடமோ அம்மாவிடமோ இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. அந்த 33 பேருடைய தாய் தகப்பன், அவர்களுடைய தாய் தகப்பன் என்று பின்னோக்கிப் போனார்கள். எல்லாக் கிளைகளும் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரே ஒரு தம்பதியிடம் போய் முடிந்தன. கதே படகில் போன அதே நூற்றாண்டு.

இரத்தம் சொல்லாத அந்தச் செய்தியைச் சொன்னது கோயில் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பங்குச் சாமியார்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த புத்தகங்கள். யாரும் விஞ்ஞானத்துக்காக அவற்றை எழுதவில்லை. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் முடிகிற காலத்தில், ஒவ்வொரு பங்கிலும் திருமணப் புத்தகம் வைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். யார் யாரைக் கட்டினார், சாட்சி யார் என்று எழுதாவிட்டால் ஒளிவுமறைவுக் கல்யாணங்களும், கட்டக்கூடாத உறவில் கட்டுவதும் தடுக்க முடியாமல் போகிறது என்பதே அவர்கள் கவலை. ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரையும் எழுதச் சொன்னார்கள். 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல், இறந்தவர் பதிவையும் சேர்த்தது. அந்தச் சங்கம் கூடிய திரெந்து நகரம் கார்டா ஏரிக்கு வடக்கே, பக்கத்திலேயே இருக்கிறது என்பது வரைபடத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. லிமோனேக்காரர்களுக்கு அந்த விதி பக்கத்து ஊரிலிருந்து வந்த மாதிரி.

நமக்கு அது கடல் தாண்டி வந்தது. சவேரியார் நம் கடற்கரைக்கு வந்த 1542இல் அந்தச் சங்கம் தொடங்கவே இல்லை. அண்டிரிக் அடிகளார் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட 1578இல் அது முடிந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அதே விதிப்படிதான் முத்துக்குளித்துறை ஊர்களிலும் பதிவேடு எழுதும் வழக்கம் வந்தது. வேம்பாரில் முத்துக்குளிக்கப் போன நம் பாட்டன்மார்களும், லிமோனேயில் எலுமிச்சைக்குக் கண்ணாடி மூடிய அந்தத் தம்பதியும் ஒரே மாதிரி நோட்டில், ஒரே மாதிரி லத்தீன் சொற்களுக்கு நடுவில் எழுதப்பட்டவர்கள்.

சில வருடங்களுக்கு முன் என் பாட்டனாரின் திருமணப் பதிவைத் தேடி ஒரு கடற்கரைப் பங்கின் பழைய பதிவேட்டைப் புரட்டியிருக்கிறேன். பெயரால் ஆளைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒரே பக்கத்தில் நான்கு அந்தோணி பெர்னாண்டோ. ஊருக்குள் ஆளைப் பிரித்துச் சொல்கிற பட்டப்பெயர்களை எந்தச் சாமியாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பலருக்குக் கோபம் வந்திருக்கும், அது வேறு. கடைசியில் ஞானத்தாயின் பெயரை வைத்துத்தான் பாட்டனாரைப் பிடித்தேன். என் அம்மா சொல்லிக்கொண்டிருந்த ஒரு கிழவியின் பெயர் அது. உப்புக்காற்றில் தாள் பழுப்பேறி, மை பரவி, விரல் பட்டால் ஓரம் உதிர்கிறது. லிமோனே கட்டுரையைப் படித்த பிறகு அந்த நோட்டை நினைத்தால் மனது அடித்துக்கொள்கிறது. அதில் நமக்குத் தெரியாத எத்தனை கதைகள் இருக்குமோ. எந்தக் குடும்பத்தில் ஆண்கள் ஐம்பதைத் தாண்டவில்லை, எந்தக் குடும்பத்தில் கிழவிகள் தொண்ணூறு வரை இருந்தார்கள் என்று அடக்கப் பதிவேட்டை வைத்தே ஒருவர் எழுதிவிடலாம்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு சமூகத்துக்குள்ளேயே சுற்றிவருகிற மரபணு மாற்றங்கள் உண்டு. ஆரிய வைசியர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து ஆகாது. அதை உடைக்கும் நொதி அவர்களிடம் சரியாக வேலை செய்வதில்லை, மருந்து கொடுத்தால் மூச்சு திரும்ப நெடுநேரம் ஆகிறது. அதற்கும் ஒரே ஓர் அமினோ அமில மாற்றம்தான் காரணம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர்கள் இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. நிறுவனத்தைச் சேர்ந்த தங்கராஜும் அவர் சகாக்களும் இம்மாதிரி விஷயங்களைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். அகமண வழக்கம் தலைமுறைக் கணக்கில் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவர்கள் எழுதியதைத் தேடிப் படிக்கலாம்.

சரி, லிமோனேவுக்கு வருவோம். வாட்ஸ்அப் செய்தி இந்த இடத்தோடு நின்றுவிட்டது. கதை அங்கே முடியவில்லை.

முதலில், இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வராது என்று யாரும் நிரூபிக்கவில்லை. 2001இல் சிர்தோரி குழுவினர் 21 பேருடைய கழுத்து இரத்தக் குழாயை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். குழாய்ச் சுவரின் தடிப்பு எச்.டி.எல். சரியாக உள்ள மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் இவர்களுக்கும் இருந்தது. இந்த மாற்றம் இல்லாமல் வேறு காரணத்தால் எச்.டி.எல். குறைந்தவர்களுக்கோ சுவர் தடித்திருந்தது. இதில் மைத்துனருக்கு வேண்டிய பதில் முழுக்க இருக்கிறது. லிமோனேக்காரருக்கு ஏழு இருந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது 173ஆவது மணியின் தயவு. நம் ஊரில் இருபத்தெட்டு இருப்பவருக்கு அந்த மணி கிடையாது. அவர் அந்த ஸ்கேனில் மூன்றாவது கூட்டத்து ஆள்.

அடுத்து மருந்துக் கதை. இந்தப் புரதத்தை வெளியில் செய்து ஊசியாக ஏற்றினால் அடைத்த குழாய் திறக்குமா என்று யோசிக்காமல் இருப்பார்களா? லாஸ் ஏஞ்சலிஸில் சீடர்ஸ் சைனாய் மருத்துவமனையில் காஷ்மீரில் பிறந்த பி.கே. ஷா என்ற இதய நிபுணர் 1990களில் முயலிலும் எலியிலும் செய்து பார்த்தார். முயலின் இரத்தக் குழாயில் தடிப்பு குறைந்தது. எலியிலும் நல்ல பலன். 2001இல் வெளியான ஆய்வில் ஒரே ஓர் ஊசி போட்ட 48 மணி நேரத்தில் எலியின் குழாயில் கொழுப்பு குறைந்திருந்தது.

பிறகு மனிதர்கள். பாக்டீரியாவுக்குள் மரபணுவை வைத்து இந்தப் புரதத்தை உற்பத்தி செய்தது எஸ்பெரியன் என்ற சிறிய கம்பெனி. மாரடைப்போ நெஞ்சுவலியோ வந்து கொஞ்ச நாள் ஆனவர்களுக்கு வாரம் ஒன்று வீதம் ஐந்து ஊசி போட்டார்கள். கிளீவ்லாந்து கிளினிக்கின் ஸ்டீவன் நிசென் தலைமையில் நடந்த ஆய்வு இது. முழுதாக முடித்தவர்கள் 47 பேர். இதயக் குழாய்க்குள்ளேயே ஒரு சிறிய ஒலி அலைக் கருவியை விட்டு அளந்தார்கள். ஐந்தே வாரத்தில் படிந்திருந்த கொழுப்பின் கொள்ளளவு சுமார் 4 சதவீதம் குறைந்திருந்தது. 2003 நவம்பரில் முடிவு வந்தபோது உலகமெங்கும் செய்தி. இதயக் குழாய்க்கு 'டிரைனேஜ் கிளீனர்' வந்துவிட்டது என்ற தோரணையில் எழுதினார்கள். அடுத்த மாதமே பைசர் கம்பெனி எஸ்பெரியனை 130 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ரயில்வேக்காரரின் ஊர் மலையில் நிற்கிற எலுமிச்சைத் தோட்டம் மொத்தத்தையும் அந்தப் பணத்தில் எத்தனை தடவை வாங்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன்.

அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது நினைவில் இருக்கிறவனுக்கு, அந்த 2003 செய்தியை இன்று படிக்கும்போதும் கண் கொஞ்சம் கலங்கத்தான் செய்கிறது. அவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் 47 பேர் என்பது 47 பேர்தான். எங்கள் கணக்குப் பிரிவில் இவ்வளவு சின்ன மாதிரியை வைத்துக்கொண்டு ஒரு வருட பட்ஜெட் போட்டால் ஆடிட்டர் சிரிப்பார்.

அதன் பிறகு வருடக்கணக்கில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பைசரின் கவனம் வேறு மருந்தில் இருந்தது. எச்.டி.எல். அளவை மாத்திரையாலேயே ஏற்றிவிடலாம் என்று டார்செட்ராபிப் என்ற மருந்தைச் சுமார் 15,000 பேரிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கொழுப்பை ஒரு தோணியிலிருந்து இன்னொரு தோணிக்கு மாற்றிவிடுகிற வேறொரு புரதத்தை அடக்குகிற மருந்து அது. எச்.டி.எல். எண் நன்றாகவே ஏறியது. 2006 டிசம்பரில் சோதனையை அவசரமாக நிறுத்தினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 82 பேர் இறந்திருந்தார்கள், சாப்பிடாத கூட்டத்தில் 51 பேர். எண் ஏறியது, ஆளைக் காப்பாற்றவில்லை.

மிலானோ மருந்தின் உரிமையை 2009 கடைசியில் தி மெடிசின்ஸ் கம்பெனி என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. புதிதாகத் தயாரித்து மீண்டும் ஆய்வு நடத்தினார்கள். அதே ஐந்து ஊசி, அதே அளவுகோல். இந்தத் தடவை 120க்கு மேற்பட்டவர்கள், ஸ்டாட்டின் மாத்திரை சிகிச்சையிலும் இருந்தவர்கள். 2016 நவம்பரில் முடிவு வந்தது. வெறும் உப்புத் தண்ணீர் ஏற்றியவர்களுக்கும் மிலானோ புரதம் ஏற்றியவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. மருந்தைக் கைவிட்டார்கள். ஸ்டாட்டினே செய்துவிட்ட வேலைக்கு மேல் அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. மாற்றமில்லாத சாதாரண அப்போ-ஏ1ஐ மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து 18,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்த இன்னொரு ஆய்வு 2024இல் வந்தது. அதிலும் எதிர்பார்த்த அளவுக்கு மாரடைப்பு குறையவில்லை.

இதற்கு நடுவில் 2012இல் லான்செட்டில் வந்த ஒரு கட்டுரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியர்களில் ஒருவர் பெயர் சேகர் கதிரேசன் என்றிருந்தது. பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அமெரிக்காவில் பாஸ்டனில் இதய மரபியல் ஆராய்ந்தவர். அவருடைய சொந்த அண்ணனே இளவயதில் மாரடைப்பால் இறந்தவர் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டுரையில் பார்த்ததும் ஓர் அமினோ அமில மாற்றம்தான், ஆனால் வேறொரு புரதத்தில். இரத்தத்தில் எச்.டி.எல்.லை உடைக்கிற நொதி ஒன்று. அதில் 396ஆவது மணி மாறிப் பிறந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க நல்ல கொழுப்பு மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். கெட்ட கொழுப்பில் மாற்றமில்லை. அப்படியானால் அவர்களுக்கு மாரடைப்பு குறைய வேண்டுமே? இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளையும் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட மற்றவர்களையும் வைத்துப் பார்த்தார்கள். குறையவில்லை.

லிமோனேயில் எண் குறைந்தும் கேடில்லை. இங்கே எண் கூடியும் லாபமில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து எச்.டி.எல். என்ற அந்த எண்ணின் மதிப்பை நன்றாகவே ஆட்டிவிட்டன. ஆனால் இதிலிருந்து "அப்படியானால் கொழுப்புப் பரிசோதனையே சும்மா" என்று போய்விடக் கூடாது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல். விஷயத்தில் இப்படி எந்தக் குழப்பமும் வரவில்லை. அதைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது. மாத்திரையால் குறைத்தாலும் சரி, பிறவியிலேயே குறைந்திருந்தாலும் சரி. மைத்துனர் நிறுத்தியது அந்த மாத்திரையைத்தான்.

நம் ஜனங்களின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 72 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு. நூற்றுக்கு எழுபத்திரண்டு. இத்தனை பேருக்கும் மிலானோ புரதமா இருக்கிறது? சர்க்கரை, தொப்பை, நடக்காத கால், சோற்றைக் குறைக்காத கை, பரம்பரை என்று பல காரணங்கள் கலந்து வருகிற குறைவு இது. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் நடத்திய ஆய்வில், பரிசோதித்த பெரியவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயக் குழாய் நோய் இருந்தது. எங்கள் அப்பா காலத்தில் இதையெல்லாம் யார் அளந்தார்கள்? "நெஞ்சடைச்சுப் போயிட்டாரு" என்று ஒரே வரி. அடக்கப் பதிவேட்டில் அதுவும் இருக்காது, தேதி மட்டும் இருக்கும்.

எங்கள் வயதுக்காரர்கள் எதைப் படித்தாலும் கடைசியில் ஞாபக மறதிக்கு வந்துவிடுகிறோம், அதனால் ஒரு பின்குறிப்பு. மாலியும் வைஸ்கிராபரும் அப்போ-ஈ என்ற இன்னொரு கொழுப்புப் புரதத்தையும் ஆராய்ந்தார்கள். அதிலும் இதே இரண்டு மணிகள்தான், ஆர்ஜினினும் சிஸ்டீனும். 112ஆவது இடத்தில் சிஸ்டீன் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு உள்ள வகை. அங்கே ஆர்ஜினின் இருந்தால் ஈ4 என்ற வகை. 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், இந்த ஈ4 உள்ளவர்களுக்கு முதுமையில் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். ஹரியானாவில் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் பார்த்தபோது, ஒப்பிட்ட அமெரிக்க ஊரை விட அங்கே ஈ4 வகை குறைவாக இருந்தது, அல்சைமரும் குறைவாகவே தென்பட்டது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், ஞாபகம் இருந்தால்.

மைத்துனருக்கு இதையெல்லாம் இரண்டு மாலை உட்கார்ந்து சொன்னேன். தோணிக் கதையைக் கவனமாகக் கேட்டார். டாலர் கணக்கு வந்தபோது கொட்டாவி விட்டார். 47 பேர், 120 பேர் என்று சொன்னபோது மட்டும், "அப்ப அந்த மெசேஜ் 2003லயே நின்னுபோச்சா அத்தான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க அக்காகிட்ட சொல்லீராதீங்க" என்றார்.

அடுத்த வாரம் தூத்துக்குடிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் திட்டவில்லை, நிறுத்திய நாட்களை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று. இப்போது அவர் கேட்பதெல்லாம் அந்தப் பழைய பதிவேட்டில் அவருடைய தாத்தா பெயரையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்றுதான். அவருடைய தாத்தாவும் ஓர் அந்தோணி பெர்னாண்டோ. ஞானத்தாய் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.